சனிக்கிழமை கிழக்கே சூலம்

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கவிதா ஒரு படம் போட்டாள். குழு என்றால் மலேசியாவில் ஈப்போ நகரத்துப் பயண அலுவலகங்களில் டிக்கெட் போட்டவர்களும் இன்னும் போட்டுக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள் கவிதா. படத்தில் அவளுடைய கைப்பேசித் திரை. கோலாலம்பூரிலிருந்து வான்கூவருக்குப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பயண நேரம் பதினாறு மணி என்று அதில் இருந்தது. கீழே அவளுடைய கேள்வி: “மேரிக்கா, ரெண்டு செகண்டுல வந்திருச்சு லா. இதுக்கா நீங்க எல்லாம் பென்சிலும் ரப்பரும் வச்சிக்கிட்டு அரை நாள் உக்காந்தீங்க?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தூரம் சரிதான், அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பதினாறு மணி நேரம் யாருடைய பதினாறு மணி நேரம்? எந்தப் பக்கமாகப் போனால்? எந்தக் கிழமை ஏறி எந்தக் கிழமை இறங்குவதாம்? அதே வான்கூவருக்கு ஒரு பெண்ணை அனுப்ப நானும் எங்கள் மேலாளரும் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பட்ட பாடு அந்தத் திரையில் எங்கே இருக்கிறது? இதையெல்லாம் கட்டை விரலால் தட்டி முடியாது என்று தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால் வெட்டினார், அம்மாவும் வெட்டினார். பள்ளிக்கூடம் முடித்து, தட்டச்சுப் படித்து, பத்தொன்பது வயதில் ஈப்போவில் ஒரு பயண அலுவலகத்தில் உறை ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் நகரங்களின் மூன்றெழுத்துக் குறிகள் மனப்பாடம். ஒரு வருடத்தில் விமான அட்டவணைப் புத்தகம் பிரிக்கத் தெரிந்துவிட்டது. தலையணை கனம் அந்தப் புத்தகம். இரண்டாம் வருடம் முன் மேசைக்கு வந்தேன். விமானத்தில் ஏறாமலே உலகத்தில் பாதிப் பேருக்கு வழி சொன்னவள் நான்.

எங்கள் மேலாளர் மிஸ் லியோங். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை. கத்த மாட்டார். தப்புச் செய்தால் நம் தாளை எடுத்து நம் முன்னாலேயே திருப்பி வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் தப்பை நாமே கண்டுபிடித்தாக வேண்டும். அந்தக் கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் துடைப்பார்.

அவர் அகராதியில் ‘சுமார்’ என்ற சொல் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள், அதில் பென்சிலால் போட்ட ஆறு கட்டங்கள். கிளம்பும் ஊரின் கிழமையும் மணியும் ஒரு கட்டம். அதையே கிரீன்விச் மணிக்கு மாற்றினால் இரண்டாவது கட்டம். இறங்கும் ஊருக்கும் அதேபோல் இரண்டு. இரண்டு கிரீன்விச் மணிகளையும் கழித்து வருவது ஐந்தாவது. ஆறாவது கட்டத்தை விமானக் கம்பெனி எந்தக் காலத்திலும் தராது: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை மணி நேரம். பஸ், டாக்சி, விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அதில் அடங்க வேண்டும். எழுதி முடித்ததும் வாடிக்கையாளர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் டிக்கெட்.

இந்தத் தாளின் அருமை எனக்கு உறைத்தது ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரியால். லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறார், எத்தனை மணி நேரம் என்றார். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி விடிகாலை ஐந்தரைக்கு இறங்குவதாக அட்டவணை சொன்னது. நான் தாளைத் தொடாமல், “ஆறு மணி நேரம் அங்கிள்” என்று சொல்லிவிட்டேன். அங்கே மணி நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால் என்பது மண்டையில் ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்து நின்றார்.

“ஏம்மா, ஆறு மணி நேரம்னு சொன்ன. நான் ஆறு மணி நேரத்துக்கு உண்டான வெத்தலதான் கட்டி எடுத்துக்கிட்டு ஏறுனேன். மிச்ச எட்டு மணி நேரம் வாய சும்மா வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் தெரியுமா?”

சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் கருவாட்டை மேசைமேல் வைத்தார், கோபத்திலும் வெறுங்கையோடு வராத மனிதர். பின்னால் மிஸ் லியோங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் தாள் போடாமல் மணி சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு டிக்கெட் போடுவது லேசான காரியமில்லை. தேதி சொன்னதும், “ராகு காலம் எப்பக்கா?” என்பார்கள். அடுத்தது சூலம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையைச் சூலம் என்று நாட்காட்டியில் போட்டிருக்கும், அன்றைக்கு அந்தத் திசை நோக்கிப் பயணம் கிளம்பக் கூடாது. திங்களும் சனியும் கிழக்கு. செவ்வாயும் புதனும் வடக்கு. வியாழன் தெற்கு. வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் முன் மேசையில் தமிழ் நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தேன். பங்குச் சாமியார் ஒரு தடவை ரோமாபுரிக்கு டிக்கெட் போட வந்தவர் அதைப் பார்த்து, “மேரி, எனக்கும் ராகு காலம் பாத்தா போட்டிருக்கே?” என்று கேட்டார். பார்த்துத்தான் போட்டிருந்தேன், சொல்லவில்லை. மிஸ் லியோங் இதையெல்லாம் கிண்டல் செய்ய மாட்டார். அவர்களுடைய சீன நாட்காட்டியிலும் நாளுக்கொரு ஆகாத திசை உண்டு.

சீனப் பெருநாள் வாரத்தில் மிஸ் லியோங் விடுப்பில் இருந்தபோது பார்வதி வந்தாள். சித்தியவானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, வயது முப்பத்து நாலு. கூட அவளுடைய அண்ணன் முனியாண்டி, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுநர். பார்வதிக்குக் கல்யாணமான எட்டாவது மாதம் அவள் கணவன் செல்வம் வான்கூவருக்குச் சமையல் வேலைக்குப் போனான். ஆறு வருடம் ஆகிவிட்டது. பேப்பர் வேலை முடியும்வரை அவனால் திரும்பி வர முடியவில்லை, இவளாலும் போக முடியவில்லை. தொலைபேசி அட்டையைச் சுரண்டிச் சுரண்டி நடந்த குடும்பம். இப்போது ஒரு வழியாக அவளுக்குக் குடியேற்ற விசா வந்துவிட்டது. அதில் ஒரு கடைசித் தேதி இருந்தது, ஒரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைக்குள் அவள் கனடா மண்ணில் இறங்கிப் பதிந்தாக வேண்டும். தவறினால் மருத்துவப் பரிசோதனையிலிருந்து எல்லாம் முதலிலிருந்து, இன்னும் எத்தனை வருடமோ.

“அப்ப ஏன் இவ்வளவு லேட்டா வரீங்க? அடுத்த வாரமே கெளம்பலாமே” என்றேன்.

“தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டியிருக்கேன் அக்கா. விசா குடுத்த முருகனுக்கு எடுக்காம போக முடியாது” என்றாள் பார்வதி. தைப்பூசம் முடிந்தால் கெடுவுக்குச் சில நாட்கள்தான் மிச்சம்.

முனியாண்டி எழுந்து சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் முன் நின்றார். அதில் மலேசியா வலது பக்கம், கனடா இடது பக்கம் மேலே. விரலால் இழுத்துக் காட்டினார். “கனடா மேக்க இருக்கு. வெள்ளிக்கிழம மேக்க சூலம். வியாழக்கிழம போடுங்கக்கா, லண்டன் வழியா.”

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். இடது பக்கம்தானே, மேற்குதானே, மறுபேச்சில்லை. வியாழன் இரவு கோலாலம்பூரில் ஏறினால் வெள்ளி மத்தியானம் வான்கூவர், ஒரு நாள் கையில் மிச்சம். பெருநாள் கூட்டத்தில் தாள் போடாமலே டிக்கெட்டை அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. லண்டனில் கடும் பனி, ஓடுதளம் மூடிவிட்டார்கள், இரவு விமானம் ரத்து. வெள்ளிக்கிழமை விமானம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பார்வதிக்குச் சனிக்கிழமை இரவு இடம் தருகிறார்களாம். அது போய்ச் சேர்வது ஞாயிற்றுக்கிழமை. அவசரத்தில் சித்தியவான் எண்ணை இரண்டு தடவை தப்பாகச் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணனும் தங்கையும் பெட்டிகளோடு அலுவலகத்தில் இருந்தார்கள். பார்வதி அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விசாத் தாளை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனியாண்டி, “நான் கோவிலுக்குப் போயி ஒரு அர்ச்சனை வச்சிட்டு வாரேன்” என்று கிளம்பிப் போய்விட்டார்.

மிஸ் லியோங் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மேரி, நூல் வச்சியா?”

வைக்கவில்லை. அவர் மேசையில் ஒரு உலக உருண்டை உண்டு. தொலைதூரப் பயணம் என்றால் அதில் இரண்டு ஊருக்கும் நடுவில் தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், அது சட்டம். கண்ணாடியைத் துடைப்பார் என்று காத்திருந்தேன். அன்றைக்குத் துடைக்கவில்லை, நேரமில்லை. நூலை எடுத்து ஒரு முனையை என் விரலால் கோலாலம்பூரில் அழுத்தச் சொல்லி, மறு முனையை வான்கூவருக்கு இழுத்தார்.

நூல் லண்டன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறி, ஹாங்காங் மேல் உரசி, ஜப்பான் ஓரமாகப் போய், அலாஸ்காப் பக்கம் வளைந்து வான்கூவரில் இறங்கியது. லண்டன் வழியாகப் போனால் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். இந்தப் பக்கம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. நான் அந்தப் பெண்ணை ஐயாயிரம் கிலோமீட்டர் சுற்றவிடப் பார்த்திருக்கிறேன்.

“அந்த படம் சப்பை. உலகம் உருண்டை லா, மேரி” என்றார் மிஸ் லியோங். அவ்வளவுதான் திட்டு.

பிறகு தாள். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூர், பன்னிரண்டரைக்கு ஹாங்காங். அங்கே மாலை நாலரைக்கு ஏறினால் பதினொன்றரை மணி நேரம், பின்காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போதுதான் கூட இரண்டு மணி நேரம் ஆகும். வான்கூவர் நம்மைவிடப் பதினாறு மணி நேரம் பின்னால். நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. இறங்கும் நேரம்: சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. கெடு நாள், அதுவும் பகல். திரும்பக் கழித்தேன், திரும்பக் கூட்டினேன், அதேதான் வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

ஆனால் ஹாங்காங் விமானத்தில் இடமில்லை. தைப்பே வழியும் இல்லை, தோக்கியோ வழியும் இல்லை. பெருநாளுக்கு வந்த மாணவர்கள் எல்லாரும் அந்த வாரம்தான் திரும்புகிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் பார்வதி பதினேழாவது பெயர்.

மிஸ் லியோங் தொலைபேசியை எடுத்தார். விமானக் கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்தை விட்டுவிட்டு நேராக ஹாங்காங்கையே பிடித்தார். ஈப்போச் சீனர்கள் பேசும் கான்டனீஸ் மொழி அங்கே செல்லுபடியாகும் என்று அவருக்குத் தெரியும். இருபது வருடத்தில் நான் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். சிரித்தார், கெஞ்சினார், யாரையோ அதட்டினார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நடுநடுவில் ஆறு என்று விரலைக் காற்றில் காட்டினார், எதிர்முனையில் இருப்பவர் பார்ப்பது போல. ஆறு வருடக் கதையைச் சொல்கிறார் என்று புரிந்தது. ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் மூன்றாமவரிடம் கொடுக்க, பகல் சாப்பாடு இல்லாமல் போனது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையில் பட்டியலைத் தட்டிப் பார்த்தேன். பதினேழு, பதினாலு, ஒன்பது. பார்வதி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மூன்று மணிக்கு நாலு. அப்புறம் அசையவே இல்லை.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மிஸ் லியோங் கேட்டார், தலையாட்டினார், வைத்தார். “ஒரு சீட். அரை மணி நேரத்துல டிக்கெட் அடிக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்கு போயிரும்.”

அந்த நேரம் பார்த்து முனியாண்டி நெற்றி நிறையத் திருநீறோடு உள்ளே வந்தார். நான் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

“சனிக்கிழமையா? சனிக்கிழம கிழக்க சூலமாச்சேக்கா. ஹாங்காங் கிழக்கதான இருக்கு?”

“அண்ணே, இந்த நூலப் பாருங்க. இது வடக்க ஏறுது. வடக்குக்கு செவ்வா புதன்தான் சூலம்” என்றேன். வாதத்துக்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

அவர் உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “வடக்குதான், ஆனா கொஞ்சம் கிழக்கயும் சாயுதே.” பிறகு தாளைப் பார்த்தார். “இது என்னாக்கா? சனிக்கிழம நாலரைக்கு ஏறி சனிக்கிழம பன்னெண்டுக்கு எறங்குறதா? ஏறுறதுக்கு முன்னாடியே எறங்கிருவாளா? என் கண்ணுல மண்ணத் தூவாதீங்க.”

அவர் கேட்டதில் தப்பே இல்லை, எனக்கே முதலில் நம்ப முடியவில்லைதானே. ஐந்தாவது கட்டத்தைக் காட்டி, பறப்பது பறப்பதுதான், பதினொன்றரை மணி நேரமும் அவள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், பசிபிக் நடுவில் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும் என்று விளக்கினேன். சுவர்க் கடிகாரம் நாலு பத்து. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மிஸ் லியோங் எழுந்து படியிறங்கிப் போனார். இந்த நேரத்தில் எங்கே போகிறார் என்று எனக்குப் பதறியது.

அப்போதுதான் பார்வதி வாயைத் திறந்தாள்.

“அண்ணே, நீங்க எனக்கு நல்லது நெனச்சுதான் சொல்றீங்க. ஆறு வருசமா ஒரு சூலமும் இல்லாம இங்கதான இருந்தேன், என்னா நல்லது நடந்துச்சு? நான் போறேன். மேரிக்கா, அடிங்க.”

முனியாண்டி நாட்காட்டியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மேசையை விட்டு நகர்ந்து எனக்கு வழிவிட்டார். நான் அடிக்க ஆரம்பித்தேன். பெயர், கடவுச்சீட்டு எண், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். நாலு இருபத்தாறுக்கு டிக்கெட் கையில் வந்தது.

படியேறி வந்த மிஸ் லியோங் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தாப்பாவ், அதாவது பார்சல், கட்டி வாங்கி வந்திருக்கிறார். “கிழக்கு சூலம், தயிர் சாப்ட்டா சரியா போயிரும். எத்தன வருசமா உங்க ஆளுங்களுக்கு டிக்கெட் போடுறேன், எனக்கு தெரியாதா?”

முனியாண்டி முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு சிரித்தார். அன்றைக்கு நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்வதி பையின் முனையைக் கடித்து, நின்றபடியே தயிரைக் குடித்தாள். மிஸ் லியோங் விடவில்லை. தாளை அவள் முன் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பார்வதி மேல் உதட்டில் தயிரோடு ஒப்பித்தாள்: எத்தனை மணிக்கு எந்த ஊர், ஹாங்காங்கில் நாலு மணி நேரம் நகரக் கூடாது, இறங்குவது சனிக்கிழமை. ஆறாவது கட்டத்தில் முப்பத்தேழு மணி நேரம் என்று இருந்தது. அவர்கள் எங்கள் வாசலிலிருந்தே நேராக விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். தாளின் மூலையில் என் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. நாலரை மணிக்கு ஹாங்காங்கில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். ஏறவில்லை என்றால் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தப்பால் ஒருத்தி வாழ்க்கை இன்னும் சில வருடம் தள்ளிப்போய்விட்டால் அந்த நாற்காலியில் நான் எப்படி உட்காருவேன் என்பதைத்தான் மறுபடி மறுபடி நினைத்தேன். மாதாவிடம் வேண்டினேன், முருகனையும் விட்டு வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பூசைக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி எடுத்தேன்.

“அக்கா, பார்வதி பேசுறேன்.”

“எங்கம்மா இருக்க?”

“அவரு வீட்டுலதான் இருக்கேன். இங்க இன்னும் சனிக்கிழமதான்க்கா. சாயங்காலம் நாலு மணி. பேப்பர்ல முத்திர குத்திட்டாங்க, நான் ரெண்டு தடவ தேதியப் படிச்சுப் பாத்துட்டேன்.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டிருக்கிறேன். பிறகு, “செல்வம்கிட்ட குடும்மா, ரெண்டு வார்த்த பேசுறேன்” என்றேன்.

“இந்தாங்க, மேரிக்கா பேசணுமாம்” என்று அவள் அந்தப் பக்கம் சொல்வது கேட்டது.

“அவரு பேச மாட்டேங்கிறாருக்கா. ஆறு வருசம் போன்ல விடாம பேசுன மனுசன், ஏர்போட்டுல என்னப் பாத்ததுலேர்ந்து ஒரு வார்த்த வரல. என் கையப் புடிச்சவரு இன்னும் விடல. நான் ஒத்தக் கையாலதான் உங்களுக்கு நம்பர் அடிச்சேன்.”